வீட்டின் மூக்கு

கண்ணாடிக்காரர் ஆசிட் வாங்கப் போனபோது மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். துணி எடுக்கப் போனால்கூடக் கூட வராத மனிதர், ஆசிட்டுக்கு ஜோடியாகக் கிளம்புகிறாரே என்று தெருவில் யாராவது சிரித்திருந்தால் அதில் தப்பில்லை. ஆனால் அவருக்குக் காரணம் இருந்தது. கடையில் இருப்பதில் எது நிஜ ஆசிட், எது பாதி தண்ணீர் என்று மோந்து பார்த்துச் சொல்ல ஒரு மூக்கு வேண்டும். அவருக்கு மூக்கு இல்லை. முகத்தில் இருந்தது, கண்ணாடி நிற்பதற்கு. மற்றபடி அது வேலை செய்வதை நிறுத்திச் சில வருஷங்கள் ஆகிவிட்டன.

அவர் கண் சோதித்து மூக்குக்கண்ணாடி செய்து விற்பவர். கடையில் மேல்தட்டிலிருந்து பெட்டி எடுக்க ஏணியில் ஏறி, பின்னந்தலை தரையில் படும்படி விழுந்தார். எலும்பெல்லாம் தப்பியது, மண்டைக்குள்ளும் எல்லாம் சரி என்றார்கள். வாசனை மட்டும் போய்விட்டது. காபியும் வெந்நீரும் ஒன்றாகிவிட்டதே என்று ஒரு மாதம் புலம்பினார், அப்புறம் பழகிக்கொண்டார்.

ஆணி, குழாய், பெயின்ட், பினாயில் என்று சகலமும் விற்கும் கடை அது. கடைக்காரருக்குக் கிண்டல் பண்ணாமல் ஒரு திருகாணிகூடக் கொடுக்க வராது.

“என்ன சார், பாத்ரூம் அவ்வளவு மோசமாயிடுச்சா?”

“பாத்ரூமுக்கு இல்லைங்க. மீன் தொட்டிக்கு.”

கடைக்காரரின் கை பாதியில் நின்றது. “மீனைத் தேய்ச்சுக் குளிப்பாட்டப் போறீங்களா?”

“தண்ணியச் சோதிக்கணும். நம்ம குழாய்த் தண்ணில சுண்ணாம்பு ஜாஸ்தி. எவ்வளவு இருக்குன்னு பாக்கச் சொட்டு மருந்து விக்கிறாங்க, வாங்கினா தேதி முடிஞ்சதைத்தான் அனுப்புறாங்க. அதான் நானே தயார் பண்ணிக்கலாம்னு. ஆசிட்ட நல்லா நீர்க்க வெச்சா அதேதான்.”

கடைக்காரர் இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார். இரண்டும் நிறமில்லாதவை, இரண்டிலும் லேபிள் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. “இது நயம், இது சுமார். நான் சொன்னா நம்புவீங்களா?”

“நம்பமாட்டேன். இந்தாம்மா, நீ மோந்து பாரு.”

மனைவி குனிந்தாள். முதல் பாட்டிலில் ஒன்றும் இல்லை. இரண்டாவதின் மூடியைக் கடைக்காரர் திருகியதும் மூக்கின் உள்ளே சுருக்கென்று குத்தியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு அடி பின்னால் நகர்ந்தவள் முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

“இது… இதுதாங்க,” என்றாள்.

கண்ணாடிக்காரர் கடைக்காரரைப் பெருமையாகப் பார்த்தார். “பாத்தீங்களா? எங்க வீட்டு மூக்கு.”

கடையில் நின்ற இரண்டு ஆண்களுக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு மூக்கும் போன மழைக்காலத்தோடு செத்துப்போயிருந்தது.

அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். சட்டையைச் சிறிதாக்குவது, பேன்ட்டின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது. மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து படுத்தாள். எழுந்து சமைத்த முதல் நாள் குக்கரைத் திறந்தபோது அடிப்பிடித்துக் கரிந்திருந்த சோறு கண்ணுக்குத்தான் தெரிந்தது, மூக்குக்குத் தெரியவில்லை. சளி போனால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். சளி போய்விட்டது, வாசனை திரும்பவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஒரு டாக்டரைப் பார்த்தாள். வரலாம், வராமலும் போகலாம், எலுமிச்சை, கிராம்பு என்று காரமான வாசனையாகத் தினமும் மோந்து பழகுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அவள் கிராம்பை மோந்தாள், எலுமிச்சைத் தோலை மோந்தாள், கணவனின் சட்டைக் காலரைக்கூட மோந்தாள். எல்லாமே வெறும் காற்று.

கணவனிடம் சொல்லியிருக்கலாம். அதுதான் நியாயம், அவளுக்கே தெரியும். ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கண்ணாடிக்காரர் ஏணியிலிருந்து விழுந்த புதிதில் ஒருநாள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அவர் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வெளியே போயிருந்தவள் திரும்பி வந்து அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அந்த மனிதருக்குத் தூக்கம் போயிற்று. படுப்பார், எழுவார், அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார், மறுபடி படுப்பார். கடைசியில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். படுக்கும் முன் வீடு முழுக்க ஒரு சுற்று சுற்றுவாள். அடுப்படி, கேஸ் அலமாரி, பிளக் பாயின்ட், எல்லாவற்றையும் மோந்துவிட்டு வந்து, “பாத்துட்டேன், எல்லாம் சரி” என்பாள். அடுத்த நிமிஷம் அவர் குறட்டை விடுவார்.

மூக்கு போனது தெரிந்த அன்றைக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் படுக்கையறைக்குப் போனாள். அவர் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு, “பாத்துட்டியா?” என்றார். வாயிலிருந்து தானாக வந்தது, “பாத்துட்டேன்.” முதல் பொய் அவ்வளவு சுலபமாக இருந்தது. இரண்டாவதற்கு மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை.

அப்படியாக, இரண்டு மூக்கும் இல்லாத ஒரு வீட்டுக்குள் ஆசிட் பாட்டில் நுழைந்தது.

கண்ணாடிக்காரர் அசட்டையான ஆள் இல்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அவர்மேல் அநியாயமாகப் பழி விழும். பால்கனியில் உட்கார்ந்து, கடையில் லென்ஸ் தேய்க்கும்போது போடும் பெரிய கண்ணாடியை மாட்டி, ரப்பர் உறை போட்டு, முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு நூலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். மனைவி ஒரு வாளித் தண்ணீரோடும் சமையல் சோடா டப்பாவோடும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது உத்தரவு.

“தண்ணி முதல்ல. அதுல ஆசிட்ட மெதுவா விடணும். ஆசிட்ல தண்ணிய ஊத்தினா மூஞ்சில தெறிக்கும். புரியுதா?”

“நான் ஊத்தப் போறதில்லையே, எனக்கு எதுக்குப் பாடம்?”

“தெரிஞ்சு வெச்சுக்கோ.”

பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து, அதில் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடிக் குச்சியால் கலக்கினார். கலந்ததை அப்படியே நம்பிவிடவும் இல்லை. சோடாவை நிறுத்துக் கரைத்த தண்ணீரில் நீலச் சாயம் விட்டு, தான் தயாரித்த ஆசிட்டைச் சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாக மாறும்வரை எண்ணினார். எண்ணிக்கை சரியாக வரும்வரை இரண்டு தடவை கொட்டிவிட்டுத் திரும்பச் செய்தார். அப்புறம்தான் மீன் தொட்டித் தண்ணீருக்கு வந்தார். தொட்டிக்குள் கிடந்த கூழாங்கற்களில் ஒன்றை எடுத்து ஒரு சொட்டு ஆசிட் விட, கல் பொசுபொசுவென்று நுரைத்தது. “இவன்தான் சுண்ணாம்பு விட்டுத் தண்ணியக் கெடுக்கிறவன்” என்று அந்தக் கல்லைத் தூக்கித் தெருவில் எறிந்தார். நீர்க்க வைத்த பாட்டிலிலும் நீர்க்காத பாட்டிலிலும் கண் பரிசோதனைப் பலகையில் முதல் வரியில் இருக்குமே, அவ்வளவு பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினார்.

உலகத்தில் எதையும் சோதித்துப் பார்த்த பிறகே நம்புகிறவர் அவர். சோதிக்காமல் நம்பிய ஒரே பொருள் மனைவியின் மூக்கு.

நீர்க்காத பாட்டிலை எங்கே வைப்பது என்று வீடு முழுக்கச் சுற்றினார். பால்கனியில் வெயில். குளியலறையில் பிளீச்சிங் பவுடர் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் விஷப் புகை. கட்டிலுக்கு அடியில் வைக்க மனைவி விடமாட்டாள். கடைசியில் சமையலறை மூலையில் சுவருக்குள் பதித்த சின்ன அலமாரிக்கு வந்தார். தெருக்குழாயிலிருந்து வரும் கேஸுக்கான மீட்டரும் வால்வும் அதற்குள் இருந்தன. அங்கிருந்து எஃகுக் கம்பி பின்னிய ஒரு வளைகுழாய் அடுப்புக்குப் போனது. அலமாரிக்குப் பூட்டு உண்டு, வெயில் படாது, கதவு இறுக்கமாக மூடும். அவர் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் சரிதான். இறுக்கமாக மூடிய இடத்தில் ஆசிட்டின் ஆவி வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து இரும்பைத் தின்னும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. பாட்டிலைத்தான் இறுக்கி மூடியாயிற்றே என்று நினைத்துக்கொண்டார்.

அவர் இறுக்கித்தான் மூடினார். மறுநாள் காலை அவர் கடைக்குப் போனதும் அவள் சாவியை எடுத்தாள்.

கடையில் குத்திய அந்தக் குத்தல் அவள் மனசை விட்டுப் போகவில்லை. இத்தனை நாள் காலியாகக் கிடந்த மூக்குக்குள் ஏதோ ஒன்று நுழைந்ததே! அலமாரியைத் திறந்து, பாட்டிலின் மூடியைத் திருகி, ஒரு கை தூரத்தில் வைத்து மெதுவாக மூச்சை இழுத்தாள். சுருக்! கண் கலங்கியது. அவள் தனியாக நின்று சிரித்தாள். வருகிறது, திரும்பி வருகிறது என்று நினைத்தாள். முதலில் பெரிய நெடி, அப்புறம் கிராம்பு, அப்புறம் காபி, கடைசியில் எல்லாமே வந்துவிடும். டாக்டர் காரமான வாசனைதானே சொன்னார்? இதைவிடக் காரமாக வேறென்ன இருக்கிறது?

அது வாசனை இல்லை, வெறும் எரிச்சல் என்று சொல்ல அவளுக்கு அருகில் யாரும் இல்லை. மிளகாய்த் தூள் மூக்கில் ஏறினால் வாசனை தெரியாதவனும் தும்முவான். அவளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு நம்பியிருக்கமாட்டாள்.

தினமும் காலையில் அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கி மறைந்ததும் அலமாரி திறக்கும். உள்ளே இருட்டு, பாட்டில் கதவோரத்திலேயே இருந்தது, அதைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை. பாட்டில் மூடியோ தடித்த மூடி, உள்ளே அழுத்திக்கொண்டே திருக வேண்டிய ரகம். நாளெல்லாம் கத்திரி பிடிக்கிற மணிக்கட்டுக்கு அது பெரிய பாடாக இருந்தது. திறந்துவிடுவாள். மூடும்போது மேலே வைத்து அரைத் திருகு திருகிவிட்டு, வலி தாங்காமல் கையை உதறிக்கொண்டு, கதவைச் சாத்திப் பூட்டிவிடுவாள். கதவுதான் பூட்டியாயிற்றே என்பது அவள் சமாதானம்.

வாரங்கள் போயின. அலமாரிக் கீல் கிறீச்சிட ஆரம்பித்தது. அலமாரிக்கு மேல்தட்டில் அவள் வைத்திருந்த ஊசிப் பொட்டலத்தைப் பிரித்தால் புது ஊசியெல்லாம் பழுப்பாக இருந்தது. கத்திரியின் திருகாணி இறுகிப்போய்விட்டது. ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையில் துருக்கறை பட்டு அந்த ஆள் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான். “இந்த ஈரக்காத்துல எதுதான் நிக்குது?” என்று அவள் வானத்தைத் திட்டினாள். மழைக்கு இதெல்லாம் பழகின திட்டுதான். அலமாரிக் கைப்பிடியில் படிந்த பழுப்புத் தூளை ஈரத்துணியால் துடைத்து எடுத்தாள். மறுவாரமும் துடைத்தாள்.

இதற்கிடையில் கெட்டுப்போன பாலை “நல்லாத்தான் இருக்கு” என்று அவள் சொல்லி, அதைக் குடித்த கண்ணாடிக்காரர் ஒருநாள் முழுக்கக் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். வெளியே சாப்பிட்ட வடையின் மேல் பழியைப் போட்டார். மனைவிமேல் அவருக்குச் சந்தேகம் வரவே இல்லை. அவளுக்குத்தான் உண்மை தெரியும். இன்றைக்குப் பால், நாளைக்கு என்ன?

“என்னங்க,” என்று அன்றைக்கு ஆரம்பித்தாள். “கேஸ் கசிஞ்சா கத்துமாமே, ஒரு டப்பா, அலாரம். ஒண்ணு வாங்கி மாட்டலாமா?”

“எதுக்கு? தாளிச்சாக்கூடக் கத்தும் அது. கடைப் பக்கத்துல ஒருத்தர் வெச்சிருந்தார், ரெண்டே நாள்ல கழட்டிட்டார்.”

“இருந்தா நல்லதுதானே.”

“நீ இருக்கும்போது டப்பா என்னத்துக்கும்மா? அந்த டப்பா உன் கால் தூசி பெறுமா?” என்று அவள் தோளைத் தட்டிவிட்டு மீனுக்குத் தீனி போடப் போனார்.

இப்படி ஒரு பாராட்டுக்கு எந்த மனைவியும் பூரித்துப் போவாள். அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். சொல்லிவிட்டால் அவர் தூக்கம் போய்விடும், சொல்லாவிட்டால் என்ன போகுமோ தெரியாது. இன்னும் கொஞ்ச நாள், மூக்குதான் திரும்பி வருகிறதே, அப்புறம் சொல்லவே வேண்டியிருக்காது என்று தனக்குத்தானே தவணை வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வருவதாக இருந்தது. வேறு ஊரில் வேலை பார்க்கிறவள், இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவாள். பஸ் ஏறிவிட்டேன் என்று போன் பண்ணிவிட்டாள். மத்தியானத்திலிருந்து சரியான மழை. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அவர்கள் இருந்தது மாடி வீடு. கீழே அட்டைப்பெட்டிக் கிடங்கு, ஞாயிறு விடுமுறை. வீட்டில் மழைச் சத்தமும் மீன் தொட்டியில் பம்ப் விடும் குமிழிச் சத்தமும்தான்.

மகள் வருவதற்குள் தொட்டித் தண்ணீரை மாற்றிவிடலாம் என்று கண்ணாடிக்காரர் கிளம்பினார். நீர்க்க வைத்திருந்த ஆசிட் தீர்ந்துபோயிருந்தது. புதிதாகக் கலக்க வேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

கதவு திறக்க மறுத்தது. இழுத்தார். கீல் ஒன்று கையோடு வந்துவிட்டது.

உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றார். மீட்டரின் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உரிந்திருந்தது. வால்வின் பித்தளை பச்சை பூத்திருந்தது. பளபளவென்று இருந்த வளைகுழாய் முழுக்கப் பழுப்புப் பொடி. பின்னல் கம்பிகள் அங்கங்கே அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. ஆசிட் பாட்டிலின் மூடி கோணலாக உட்கார்ந்திருந்தது. ஆயிரம் பேருக்குப் பார்வை சோதித்தவர், தன் வீட்டு அலமாரியை இத்தனை நாள் பார்க்காமல் விட்டிருந்தார்.

“இந்தாம்மா! இங்க வா சீக்கிரம்!”

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் ஒதுங்கி வழி விட்டார்.

“மோந்து பாரு. கேஸ் வாசனை வருதா?”

அவள் இப்போதுதான் அலமாரிக்குள் முழுசாகப் பார்த்தாள். ஊசியின் துருவும் சட்டைக் கறையும் எங்கிருந்து வந்தன என்று ஒரு நொடியில் விளங்கிவிட்டது. தலையை உள்ளே நீட்டி மூச்சை இழுத்தாள். சுருக்கென்று ஒரு குத்தல். அவ்வளவுதான். அந்தக் குத்தலுக்குப் பின்னால் கேஸ் இருக்கிறதா, இல்லையா? இன்னொரு தடவை இழுத்தாள். மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நின்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது தெரிந்தது.

“ஆசிட் நெடிதாங்க,” என்றாள்.

“கேஸ்?”

“இல்ல.”

எத்தனையோ நாள் சொல்லிச் சொல்லி வழவழப்பான வார்த்தை. தடங்கல் இல்லாமல் வந்துவிட்டது.

“அப்பாடா!” கண்ணாடிக்காரர் மார்பைத் தடவிக்கொண்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது. “நல்ல வேளை. குழாய நாளைக்கே ஆள் வெச்சு மாத்திடறேன். நடுங்கிப் போயிட்டேன் போ. ஒரு வாய் காபி குடிச்சாத்தான் சரியாகும். நீ உக்காரு, நானே போடுறேன்.”

பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். லைட்டரை எடுத்தார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி, அடுப்புத் திருகைத் தேடினார். அந்த முதுகில் துளி பயம் இல்லை. உலகத்திலேயே பத்திரமான இடத்தில் நிற்கிற மனிதனின் முதுகு அது. அந்தப் பத்திரம் முழுக்க அவள் வாயிலிருந்து வந்த ஒரு பொய்.

அவர் லைட்டரை அடுப்புக்குக் கொண்டுபோனார்.

“வேண்டாங்க!”

பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“என்னம்மா?”

“போடாதீங்க. வெளிய வாங்க முதல்ல.”

“எதுக்கு? நீதானே இப்ப இல்லைன்னே?”

“எனக்குத் தெரியாது.”

“என்ன தெரியாது?”

“வாசனை தெரியாது. எனக்கும் போயிடுச்சு.”

அவர் சிரித்தார். “விளையாடாத, விடு கைய. காபி நேரத்துல…” கட்டை விரல் இன்னும் லைட்டர் பொத்தானின் மேல்தான் இருந்தது.

“சத்தியமா போயிடுச்சுங்க! காய்ச்சல் வந்தப்பவே போயிடுச்சு! பால் கெட்டது எனக்குத் தெரியலை! உள்ள கேஸ் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியலை! கும்பிடுறேன், கைய எடுங்க!”

சிரிப்பு அவர் முகத்திலேயே நின்றுவிட்டது. அவள் கண்ணையே பார்த்தார். பிறகு லைட்டரை, முட்டையை வைப்பதுபோல, மேடைமேல் சத்தமில்லாமல் வைத்தார். இரண்டு பேரும் எந்த சுவிட்சையும் தொடாமல், வெறும் காலோடு, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள்.

படிக்கட்டின் திருப்பத்தில் நின்றார்கள். இத்தனைக்கும் பிறகு, உள்ளே கேஸ் கசிகிறதா இல்லையா என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதுதான் கொடுமை. கூப்பிட்டுக் கேட்கக் கீழே ஆள் இல்லை. திறந்த கதவு வழியாகப் பம்ப் குமிழி விடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பம்ப் என்றால் மோட்டார், மோட்டார் என்றால் பொறி. இந்தக் கணக்கை இரண்டு பேரும் மனசுக்குள் போட்டார்கள், வாய்விட்டுச் சொல்லவில்லை. “சோப்பு நுரை தடவிப் பாத்தா தெரிஞ்சிடும்,” என்று அவர் ஒரு படி ஏறினார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அப்போது கீழே குடை மடக்கும் சத்தம் கேட்டது. மகள் இரண்டே படி ஏறியிருப்பாள்.

“அம்மா! என்னம்மா இது, வாசல் வரைக்கும் கேஸ் நாத்தம் குடலப் பிடுங்குது! என்ன பண்ணிட்டிருக்கீங்க ரெண்டு பேரும்?”

கண்ணாடிக்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மற்றதெல்லாம் மகள்தான் செய்தாள். இரண்டு பேரையும் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெளிச்சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தாள். மாடியில் பம்ப் நின்றது. கேஸ் கம்பெனிக்குப் போன் பண்ணினாள். வந்த ஆள் தெருவிலேயே வால்வை மூடிவிட்டு, கையில் ஒரு கருவியோடு மேலே போய் ஜன்னலெல்லாம் திறந்துவிட்டார். மழை விட்ட பிறகு அந்த வளைகுழாயைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். லேசாக வளைத்ததும் அது பிஸ்கெட் மாதிரி உடைந்தது.

“காலைல சமைச்சீங்களா?”

“சமைச்சேன்,” என்றாள் அவள்.

“அப்ப மத்தியானம்தான் குழாய் விட்டுப்போயிருக்கணும். யார் சார் இதுக்குள்ள ஆசிட் வெச்சது?”

“நான்தான்,” என்றார் கண்ணாடிக்காரர். “ஆனா இறுக்கி மூடித்தான் வெச்சேன். நல்லா நினைவிருக்கு.”

“மூடி ஆடிட்டிருக்கே சார்.”

“நான்தான் திறந்தேன்,” என்றாள் அவள். தெருவில் மகள் முன்னாலும் ஊர் பேர் தெரியாத ஆள் முன்னாலும் சொல்ல வேண்டியிருந்தது. “தினமும் திறந்தேன். அது மட்டும்தான் மூக்குல ஏறிச்சு. மூக்கு வருதான்னு பாக்கத் திறந்தேன்.”

கேஸ்காரர் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்தார். நாளைக்குப் புதுக் குழாய் போடுகிறேன், கருவி வைத்துப் பார்த்துவிட்டேன், வீட்டுக்குள் இனி ஒன்றும் இல்லை, தைரியமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மகள் அம்மாவைத் திட்ட வாயெடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போய் மெயினைப் போட்டாள். மூன்று பேரும் படியேறினார்கள். மீன்கள் என்னவாயின என்று கண்ணாடிக்காரர் கேட்கவே இல்லை.

வாசலில் அவர் நின்றார். உள்ளே இருட்டத் தொடங்கியிருந்தது. வழக்கம்போல மூக்கு எங்கே என்று திரும்பியவர், மனைவியின் முகம் வரை வந்த பார்வையை அங்கே நிறுத்தாமல் தாண்டி மகளிடம் கொண்டுபோனார்.

“நீ மோந்து பாரும்மா.”

மகள் உள்ளே தலையை நீட்டினாள். “ஒண்ணும் இல்லப்பா. சுத்தமா இருக்கு.”

“நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன்ப்பா. எல்லாம் சரி.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “நீ போனப்புறம்?” என்றார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா செருப்பில்லாத காலோடு தனியாக உள்ளே போனாள். சுவரைத் தடவி சுவிட்ச் பலகையைக் கண்டுபிடித்தாள். விரலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“போடட்டுமா?” என்று கணவனைக் கேட்டாள்.

அவர் மகளின் பக்கம் திரும்பினார்.

“போடும்மா,” என்றாள் மகள்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினாள். விளக்கு எரிந்தது. கண்ணைத் திறந்து பார்த்தபோது அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நான்கு படி கீழே இறங்கி நின்றிருந்தார்.